இறகுள்ள எதுவும் உள்ளே வரக்கூடாது

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பேருந்தில் ஏறி, புதுச்சத்திரம் தாண்டி 'பொம்மை ஷெட்' என்று சொன்னால் கண்டக்டர் இறக்கிவிடுவார். 'சமகாலக் கலைக்கூடம்' என்று சொன்னால் இறக்கிவிட மாட்டார். நேராக நாமக்கல்லில் ஆஞ்சநேயர் கோவில் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். சென்னையிலிருந்து வந்த ஒரு கலை விமர்சகருக்கு அப்படித்தான் ஆயிற்று. மனிதர் சாமி கும்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார்.

ஊர்க்காரர்களுக்குப் படம் என்றாலும் பொம்மைதான். அந்த ஷெட்டைப் பத்து வருஷமாக நடத்துகிறவள் நான். பெயர் ஜாக்குலின். வீடு சேலம் நாலு ரோட்டுப் பக்கம். வேலை, நாமக்கல்லுக்கு அருகே ஒரு விடுதிப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அந்த வேலை எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். என் பீரியடுக்கு மணி அடித்தால் கணக்கு வாத்தியார் கதவோரம் வந்து நின்று, "மேடம், இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்பார். அந்த ஒரு நாள் ஜூன் மாதம் ஆரம்பித்து மார்ச் வரைக்கும் நீளும்.

அலெக்ஸும் நானும் கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். படித்து முடித்து வந்தபோது எங்கள் கையில் படைப்புகள் இருந்தன, மாட்டச் சுவர் இல்லை. சென்னைக் காட்சிக்கூடங்களில் போய்க் கேட்டால் "விற்குமா?" என்றார்கள். விற்காது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தோம். முதல் கண்காட்சியை எங்கள் பங்குக் கோவிலான சர்ச்சின் மண்டபத்தில் வைத்தோம். மறுநாள் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு என்பதை யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் படங்களையெல்லாம் கழற்றிச் சமையல்கூடத்துக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். அலெக்ஸ் படத்தின் மேல் சாம்பார். அடுத்ததை ஆட்டையாம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில், பாதி இடத்தைக் கெஞ்சி வாங்கி வைத்தோம். மீதிப் பாதியில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் படமெல்லாம் கோணிக்கொண்டே போக, பார்க்க வந்தவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிச் சிரித்தபோது, கடைசி வரிசையில் இருந்த கௌசிக் என்ற பையன் எழுந்து நின்றான்.

"மிஸ், எங்க தோட்டத்துல ஒரு ஷெட்டு சும்மாதானுங்க கெடக்குது. அப்பாவக் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

அப்படிக் கிடைத்ததுதான் மூணாம் ஷெட். நீளமான கோழிக் கொட்டகை. முழங்கால் உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் கம்பிவலை, வெளிப்பக்கம் ஏற்றி இறக்குகிற படுதா. வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டியிருந்தார்கள். கோழிக்குஞ்சுக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் படம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கௌசிக்கின் அப்பா அப்புசாமி அதிகம் பேசாத மனிதர். அந்தத் தோட்டத்தில் அவருக்கு மூன்று ஷெட்டுகள் இருந்தன. இரண்டில் முட்டைக் கோழிகள், மூன்றாவதில் குஞ்சுகள். ஒரு வருஷம் நோய் புகுந்து மூன்றும் காலியாயின. கிணற்றுக்கு மேற்கே பெரிய குழி வெட்டி மொத்தத்தையும் புதைத்தார்கள். முதல் இரண்டு ஷெட்டுகளையும் கூண்டுகளோடு பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். குஞ்சு ஷெட்டை மட்டும் ஏனோ பிரிக்காமல் பூட்டி வைத்திருந்தார். இதெல்லாம் கௌசிக் எனக்குச் சொன்னது. அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது வேறு.

"டீச்சருங்க, உள்ள என்ன வேணாலும் வெச்சுக்கங்க. காசு பணம் ஒண்ணும் வேண்டாம். ஆனா எறகு இருக்கற எதுவும் உள்ள வரக் கூடாதுங்க."

"சரிங்க."

"அப்பறம், ஒரு பேட்ச் முடிஞ்சா மொத்தமா காலி பண்ணிப்போடோணும். பழசு கெடக்கப் புதுசு உள்ள வரக் கூடாது. தேச்சுக் கழுவோணும், கம்பிவலைய நெருப்புல காட்டோணும், சுண்ணாம்பு அடிக்கோணும். ரெண்டு வாரம் ஷெட்டு சும்மா கெடக்கோணும். அதுக்கப்பறந்தான் அடுத்த பேட்ச்."

கண்காட்சிக்கு அவர் வைத்த பெயர் பேட்ச். நோய் ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குத் தாவாமல் இருக்கக் கோழிப்பண்ணைக்காரர்கள் செய்கிற வேலை இதெல்லாம். படத்திலிருந்து படத்துக்கு என்ன நோய் தாவும் என்று அலெக்ஸ் என் காதில் கேட்டான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று அவனை அடக்கினேன். வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் மருந்து கலந்த ஊதாத் தண்ணீர் நிற்கும். மந்திரியே வந்தாலும் காலை அதில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வந்த விமர்சகர் அந்தத் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்று, "இது யாருடைய படைப்பு?" என்று கேட்டார். அப்புசாமி, "மிதிச்சுட்டு வாங்க" என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. உள்ளே போகுமுன் கதவை இரண்டு தட்டு தட்டுவார். திடீரென்று ஆள் நுழைந்தால் குஞ்சுகள் மிரண்டு ஒரு மூலையில் போய்க் குவியும், அடியில் மாட்டியது மூச்சுமுட்டிச் சாகும். அதற்காகப் பண்ணைக்காரர்கள் சத்தம் கொடுத்துவிட்டு நுழைவார்கள். குஞ்சு ஒன்றுகூட இல்லாத ஷெட்டிலும் அவர் கை தானாகத் தட்டியது. தினமும் காலையில் வருவார், தட்டுவார், ஒரு ஓரமாகக் கடைசி வரை நடந்து போவார், மறு ஓரமாகத் திரும்பி வருவார். எந்தப் படத்தின் முன்னாலும் நிற்க மாட்டார், எதையும் பார்க்காமலும் விட மாட்டார். வாசலுக்கு வந்து, "எல்லாம் நல்லாருக்குதுங்களா?" என்று கேட்பார். நல்லா இருக்குங்க என்றால், தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

எங்கள் ஷெட்டில் விற்பனை கிடையாது. வேறெங்கும் நிற்க இடமில்லாத படைப்புகள் வந்து நின்றன. திருச்செங்கோட்டுப் பெண் இனியா, அப்பா போர் போடும் ரிக் வண்டியோடு போன ஊர்களிலிருந்தெல்லாம் ஆழ்துளைக் கிணற்று மண்ணைத் தீவனச் சாக்கில் கொண்டுவரச் செய்து, தரையில் அடுக்கடுக்காகப் பரப்பினாள். சிவப்பு, சாம்பல், சுண்ணாம்பு வெள்ளை என்று இந்தியா முழுவதும் அடி ஆழத்தில் எப்படி இருக்கிறது என்பது அந்த ஷெட்டில் கிடந்தது. ரிக் ஆட்கள் குடும்பத்தோடு வந்து, தாங்கள் மாதக்கணக்கில் கிடந்த ஊர்களைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். இன்னொருவர் லாரித் தார்ப்பாய்களை, அவற்றின் ஒட்டுகளோடும் கிழிசல்களோடும் கூரையிலிருந்து தொங்கவிட்டார். ஒரு பெண் மயிலிறகில் ஒன்று செய்துகொண்டு வந்தாள். அப்புசாமி கதவருகே வந்தார், பார்த்தார், தொட்டியில் கால் வைக்காமலே திரும்பிப் போனார். அன்றைக்கே அதை இறக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் இன்றைக்கு வரைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், கொடுத்த வாக்கு பெரிது.

அப்புசாமியின் மனைவி பொன்னாத்தாள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வெயில் ஏறினால் ஒரு சொம்பு மோரோடு வேப்பமரத்தடியில் வந்து நிற்பார். "எல்லாரும் வந்து குடிங்க சாமி" என்பார். குடித்து முடிக்கும்வரை ஷெட்டுக்கு முதுகைக் காட்டியே நிற்பார். அவருக்குப் படங்கள் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஐந்தாறு நாட்டுக்கோழிகள் உண்டு. அவை கிணற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார்.

இப்படியே பத்து வருஷம் ஓடியது. அலெக்ஸுக்குக் கொச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் நின்றேன். கல்யாணம், சொந்த வீடு என்று மற்றவர்கள் எதையெல்லாம் கட்டினார்களோ, அதற்கெல்லாம் பதிலாக எனக்கு இருந்தது இந்த ஒன்று. பத்தாம் ஆண்டுக்கு ஒரு பெரிய கண்காட்சி வைக்க வேண்டும், இங்கே வைத்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு புதுப் படைப்போடு வர வேண்டும் என்று போன தீபாவளியிலிருந்து அலைந்துகொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை கௌசிக் ஷெட்டுக்கு வந்தான். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவனையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு மாதமாக ஊரில் இருந்தான். கூட ஒரு கோழிக் கம்பெனி சூப்பர்வைசர்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. கம்பெனிக் கோழி வளக்கலாம்னு இருக்கறனுங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க. ஷெட்டு மட்டும் நம்முளது."

நான் பதில் சொல்லுமுன் சூப்பர்வைசர் உள்ளே போய்விட்டார். வலையை ஆட்டிப் பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"தம்பி, இந்த ஏரியாவுல முப்பது ஷெட்டு பாத்துட்டேன். பத்து வருஷம் சும்மா கெடந்ததுன்னா வலை துருப்பிடிச்சு, தரை வெடிச்சு, எலி வளை இருக்கும். இது நேத்துக் கட்டுன மாதிரி இருக்கு. யாருங்க பாத்துக்கிட்டது?"

கௌசிக் என்னைக் காட்டினான். அந்த ஆள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த ஆள்மேல் இல்லை, கௌசிக்மேல்கூட இல்லை, என் மேலேயே. வருஷம் மூன்று முறை கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வலையை நெருப்பில் காட்டியது நான். வெடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் உட்கார்ந்து சிமெண்டு பூசியது நான். கை வெந்துபோகச் சுண்ணாம்பு அடித்தது நான். உலகத்தில் எந்தக் கலைக்கூடத்துக்காரியும் செய்யாத வேலையைச் செய்து, ஷெட்டைக் கோழிக்குத் தயாராக வைத்திருந்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். சும்மா பாழாகப் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"கம்பெனி டாக்டர் ஒரு தடவை வந்து பாப்பாரு. அவரு சரின்னுட்டா குஞ்சு எறக்கிருவோம்" என்றார் சூப்பர்வைசர். "ஒரே விஷயம் தம்பி. வீட்டுல நாட்டுக்கோழி இருந்தா எங்காச்சும் அனுப்பிருங்க. டாக்டர் அதுல ரொம்பக் கண்டிப்பு. ஒரு எறகு பாத்தாலும் போயிருவாரு."

அவர் போன பிறகு கௌசிக்கிடம் சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"மிஸ், நீங்கதானுங்க கிளாஸ்ல சொல்லுவீங்க, எல்லாரும் மெட்ராஸ், பெங்களூருன்னு ஓடுனா ஊருல ஆரு எதப் பண்றதுன்னு. நான் திரும்பி வந்துட்டனுங்க. எனக்கும் ஏதாச்சும் பண்ணோணுமல்லோ?"

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஷெட் அவர்களுடையது. பத்தாம் ஆண்டுக் கண்காட்சியை வேறெங்காவது வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறெங்கே என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. அந்தப் பங்கு மண்டபத்துச் சாம்பார் வாசனைதான் நினைவுக்கு வந்தது. பேருந்தில் உட்கார்ந்து, ஆண்டகளூர் கேட் வரும் வரைக்கும் அழுதேன்.

அப்புசாமியிடம் பேசிப் பார்த்தேன். "பையன் கேக்கறானுங்க" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவர் முகம் சரியில்லை. காலை நடைக்கு வந்தால், பாதி தூரம் நடந்துவிட்டு அப்படியே திரும்பி வெளியேறிவிடுவார்.

அலெக்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இதுக்கு ஏன் அழறே? டாக்டர் வர்ற அன்னைக்கு நாலு நாட்டுக்கோழியப் பிடிச்சு உள்ளே விடு. ஆளு ஓடிருவான்" என்றான். அவனைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் பொய் சொல்வானேன், இரண்டு நாள் அந்த யோசனை என்னை விடவில்லை. சேலத்தில் சந்தைக்குப் போனபோது கோழிக் கூடைக்காரரிடம் விலைகூடக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. அந்த மனிதர் பத்து வருஷத்தில் என்னிடம் கேட்டது அந்த ஒரு வாக்கு. ஷெட் போனாலும் போகட்டும், அவர் கண் முன்னால் நான் அதைச் செய்ய முடியாது.

டாக்டர் வருவது ஒரு வியாழக்கிழமை என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமையே போய் எல்லாவற்றையும் காலி செய்தேன். இனியாவும் உதவிக்கு வந்தாள். தேய்த்துக் கழுவினோம், நெருப்புக் காட்டினோம். "விட்டுட்டுப் போற எடத்துக்கு எதுக்கு மிஸ் சுண்ணாம்பு?" என்றாள் அவள். பேட்ச் முடிந்தால் அடிக்க வேண்டும் என்பது பேச்சு, அடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். அடித்தோம்.

மோர் கொண்டுவந்த பொன்னாத்தாள் அன்றைக்கு வேப்பமரத்தடியில் நிற்காமல் வாசல் தொட்டி வரைக்கும் வந்தார். வெள்ளையாக இருந்த உட்புறத்தை முதல் முறையாகப் பார்த்தார்.

"குஞ்சு எத்தனை உடுவாங்களாமா சாமி?"

"ஆயிரக்கணக்குல வரும்னு கௌசிக் சொன்னான்ம்மா."

"அத்தனையுங்களா?" என்றார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் குடித்து முடிக்கும் முன்பே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை சாவியை ஒப்படைக்கப் போனேன். சாவியில் ஒன்றை வீட்டிலும் ஒன்றை என்னிடமும் வைத்திருப்பது வழக்கம். டாக்டர் சின்ன வயசுக்காரர், வெளியூர்ப் பேச்சு. ஊதாத் தண்ணீரில் ரப்பர் பூட்ஸை முக்கி எடுத்து, "பரவாயில்லையே, இதெல்லாம் ஒழுங்கா வெச்சிருக்கீங்க" என்றார். கௌசிக் சிரித்துக்கொண்டே கதவை இரண்டு தட்டு தட்டினான். அப்பாவின் பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருந்தது.

உள்ளேயிருந்து 'கொக்' என்று பதில் வந்தது.

கதவைத் திறந்தான். வெள்ளைவெளேர் என்ற ஷெட்டின் நடுவே வைக்கோல் பரப்பிய ஒரு மூங்கில் கூடை, கூடையில் சிறகை விரித்து ஒரு கருஞ்சிவப்பு நாட்டுக்கோழி, பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் பொன்னாத்தாள். தொட்டியில் கால் நனைக்காமல் வந்திருந்தார் என்பது சுண்ணாம்புத் தரையில் இருந்த மண் தடத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்கம்மா, எல்லாத்தையும் பெரியம்மா ஊட்டுக்கு அனுப்பீட்டேன்னு சொன்னீங்களே!" என்று கௌசிக் கத்தினான்.

"மத்ததெல்லாம் அனுப்பீட்டேன். இது அடைக்கு வந்திருந்துச்சு. அடைக்கோழிய ஆரு அடுத்தவிய ஊட்டுக்கு அனுப்புவாங்க? நேத்து முட்டை வெச்சாச்சு."

டாக்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அம்மா, நாட்டுக்கோழி நோயைச் சுமந்துக்கிட்டே திரியும். அதுக்கு ஒண்ணும் ஆகாது, எங்க குஞ்சுதான் கூட்டமா சாகும். இதை உள்ளே வெச்சா இந்தப் பண்ணைக்கு நான் குஞ்சு தர முடியாது."

"அதுக்குத்தானுங்க வெச்சது" என்றார் பொன்னாத்தாள்.

கௌசிக்கின் முகம் சிவந்துவிட்டது. "டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்லுமுன் அந்த அம்மா எழுந்து நின்றார்.

"டீச்சர எதுக்குடா இழுக்கறே? அந்த வருசம் நீ ஆஸ்டல்ல இருந்தே. உனக்கு என்ன தெரியும்? உங்கப்பா இந்த ஷெட்டு வாசல்ல கட்டலப் போட்டுட்டு சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு. கேட்டா பேச்சே இல்ல. காட்டுல பயிருக்கு அடிக்கற மருந்து டப்பா அத்தனையும் அள்ளிக் கொண்டுபோயி எங்கக்கா ஊட்டுல ஒளிச்சு வெச்சுப்போட்டு, ராத்திரியெல்லாம் நான் முழிச்சிருந்து பாத்தேன். அப்பறந்தான் டீச்சரு வந்து பொம்ம வெச்சாங்க. எனக்கு அந்தப் பொம்மையெல்லாம் ஒண்ணும் புரியாது சாமி, நான் வந்து பாத்ததும் இல்ல. ஆனா இவரு தெனமும் போயி பாத்துட்டு வந்து, 'எல்லாம் நல்லாருக்குது'ன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சோத்துல கை வெப்பாரு. பத்து வருசமா ஒரு நாள் தவறுனதில்ல. பொம்ம சாகாதில்ல? இங்க ஆயிரம் குஞ்சக் கொண்டாந்து உட்டா, நாலு செத்தாலும் இவரு என்ன ஆவாரோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

திரும்பிப் பார்த்தபோது அப்புசாமி வாசலில், ஊதாத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. கூடையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"அடைக்கோழிய எழுப்பக் கூடாதுடா கௌசிக்கு" என்றார். "எடத்த மாத்துனா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும். பொரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, உள்ளே வராமல் வீட்டுப் பக்கம் நடந்தார். டாக்டர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கௌசிக் சாவியைத் தரையில் வீசிவிட்டுப் போனான். அவன் கோபம் நியாயமான கோபம், அது இன்னும் தீரவில்லை. இப்போது ஒரு தீவன ஆலையில் வேலைக்குப் போகிறான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஷெட் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். போடட்டும். என்னைப் பார்த்தால் "மிஸ்" என்கிறான், ஆனால் நின்று பேசுவதில்லை.

பத்தாம் ஆண்டுக் கண்காட்சியை மூணாம் ஷெட்டிலேயே வைப்பது என்று ஆனது. கோழி பொரிக்க மூன்று வாரம் ஆகும், அதை அசைக்க முடியாது. அதனால் அதைச் சுற்றியே எல்லாவற்றையும் வைத்தோம். ஆணி அடிக்கிற வேலையையெல்லாம் ஷெட்டுக்கு வெளியே செய்து கொண்டுவந்து மாட்டினோம். எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். கொச்சியிலிருந்து வந்த அலெக்ஸ் கூடையைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான். அவன் முதுகில் ஒரு அடி கொடுத்தேன்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் இல்லை. அப்புசாமி ஷெட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். காலையில் கதவு தட்டுகிற சத்தம் இல்லை. இறகு உள்ளே வரக்கூடாது என்ற பேச்சு உடைந்து போனது, உடைத்தது அவர் வீட்டு அம்மாவாகவே இருந்தாலும். பொன்னாத்தாள் கோழிக்குத் தண்ணீரும் கம்பும் வைக்க வருவார். "அவரு சாப்புடறாருங்களா?" என்று கேட்டால், "ஏதோ, ரெண்டு வாய்" என்பார். நாம் ஷெட்டைக் காப்பாற்றி இந்த மனிதரைத் தொலைத்துவிட்டோமோ என்று அவரும் பயந்தார், நானும் பயந்தேன்.

திறப்பு நாள் அன்று காலையில் சீக்கிரமே போய்விட்டேன். குஞ்சுகள் பொரித்திருந்தன. கோழியின் சிறகுக்கு அடியிலிருந்து மஞ்சளும் கருப்புமாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு வாயெல்லாம் பல். அப்புறம்தான் பார்த்தேன், கூடையின் விளிம்பை ஒட்டி ஒரு குஞ்சு அசையாமல் கிடந்தது. தொட்டேன், விறைத்திருந்தது.

என் கைப்பையில் இருந்த துணியை எடுத்து அதைச் சுற்றினேன். யாரும் வருவதற்கு முன் கொண்டுபோய் எங்காவது போட்டுவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

"வெச்சுருங்க சாமி." பொன்னாத்தாள் கம்பும் தண்ணீருமாகக் கதவருகில் நின்றிருந்தார். "இருந்த எடத்துலயே வெச்சுருங்க. பொரிச்சிருச்சுன்னு அவருகிட்டச் சொன்னேன். பல்லு விளக்கீட்டு வாரேன்னாரு."

"வேண்டாம்மா. இன்னைக்கு ஒரு நாள் இதை அவர் பாக்க வேண்டாம்."

"இன்னைக்கு மறச்சா நாளைக்கு என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் துணியைப் பிரித்து, குஞ்சைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அந்த அம்மா உள்ளே வந்து வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. கோழி தலையைத் தூக்கியது, மிரளவில்லை.

அப்புசாமி தொட்டியில் காலை நனைத்துவிட்டு வந்தார். எங்களைப் பார்க்காதவர் மாதிரி ஒரு ஓரமாக நடந்தார். இனியாவின் மண், தார்ப்பாய்கள், அலெக்ஸின் பெரிய கரிக்கோட்டுப் படம் எல்லாவற்றையும் கடந்து கடைசி வரை போனார். மறு ஓரமாகத் திரும்பி வந்தார். கூடைக்கு நேரே வந்ததும் நின்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோழி சிலிர்த்துக்கொண்டது, அவர் கையை நீட்டி அது அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு விளிம்பில் கிடந்ததை எடுத்துத் துண்டில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

கம்பிவலை வழியாக அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிணற்றுக்கு மேற்கே, அந்தப் பழைய குழி மேட்டுக்குப் போனார். மம்பட்டியால் இரண்டு வெட்டு வெட்டினார், மூடினார், காலால் மிதித்தார். அப்புறம் அங்கேயே நின்றார். வெகுநேரம் நின்றார். பொன்னாத்தாளின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ தெரியவில்லை. நானும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி வந்தார். தொட்டிக் குழாயில் கையைக் கழுவித் துண்டில் துடைத்தார். வலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார்.

"ஏம்புள்ளே, ஒண்ணு போச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்குது. வந்து சோத்தப் போடு, பசிக்குது."

"வாரேனுங்க" என்றார் பொன்னாத்தாள். சொன்னாரே தவிர உடனே எழ முடியவில்லை. என் கையை இறுகப் பிடித்து, அதை ஊன்றித்தான் எழுந்து போனார்.